கேம்களுக்குள் கேசினோ: கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார்?

கேம் பைத்தியமான நண்பர் ஒருவர் கேட்டது இது: “சின்ன வயசுல ஆடின சோனிக் தொடங்கி இப்ப ஆடுற ஃபால்அவுட் வரைக்கும் எங்க போனாலும் ஒரு கேசினோ வந்துடுது. டிசைனர்களுக்கு அதுல அப்படி என்ன மோகம்? புது கேம்கள்ல குறைஞ்ச மாதிரியும் இருக்கே, ஏன்? நிஜமாவே உருப்படியான கேசினோன்னா எதைச் சொல்வீங்க?”

முதல் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. கலர் லைட்டும் சத்தமும் பளபளப்பும் இருப்பதால் லெவல் பார்க்க அழகாக இருக்கும் என்பது. தப்பில்லை, ஆனால் பாதி பதில்தான். அந்தப் பாதியை முதலில் முடித்துவிடுகிறேன்.

1992-ல் வந்த ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2’ கேமில் கேசினோ நைட் ஸோன் என்று ஒரு பகுதி. செகா மெகா டிரைவ் கன்சோல் வழக்கமாக ஒரு நேரத்தில் திரையில் காட்டக்கூடியது 64 நிறங்கள்தான், அதுவும் பதினாறு பதினாறாக நாலு தட்டில் பிரித்தவை. அதற்குள் ஒரு ராத்திரி நகரம் முழுக்க நியான் மின்ன வேண்டும். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக வரைந்து அசைத்தால் கார்ட்ரிட்ஜில் இடம் போதாது. அதனால் படத்தைத் தொடாமல், தட்டில் இருக்கும் நிறங்களை மட்டும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் சீரியல் செட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, பல்பு எதுவும் நகராது, வெளிச்சம் மட்டும் ஓடும். அதே கதை. பெரிய செலவில்லாமல் ஊரே ஜொலிக்கும். இந்த வித்தைக்கு கேசினோவை விடத் தோதான இடம் கிடையாது. காட்டில் மரம் மின்னினால் சிரிப்பார்கள், கேசினோவில் மின்னாவிட்டால்தான் சிரிப்பார்கள்.

இன்னொரு தோது, சோனிக் சுருண்டால் பந்து. குண்டை முட்டி மோதவிட்டு ஆடும் பின்பால் மேஜையில் இருக்கும் பம்பரையும் துடுப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டால் பந்துக்கு வேலை வந்துவிடுகிறது. 1991-ல் வந்த முதல் பாகத்திலேயே ஸ்பிரிங் யார்டு பகுதியில் பம்பர்களை வைத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் அதையே முழு ஊராக விரித்தார்கள்.

ஆனால் நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது அங்கே இருக்கும் ஸ்லாட் மெஷினை. சோனிக் ஒரு கூண்டுக்குள் போய் விழுகிறான், மூன்று உருளைகள் சுற்றத் தொடங்குகின்றன. சோனிக் முகம், டெய்ல்ஸ் முகம், ரிங், வில்லன் ராபாட்னிக் முகம் என்று படங்கள் ஓடும். நல்லது மூன்று சேர்ந்தால் ரிங் மழை. நூறு ரிங் சேர்ந்தால் ஓர் உயிர் இலவசம், அதனால் பேராசை பிடிக்கும். அப்போது ஒரு தடவை முதல் உருளை ராபாட்னிக் முகத்தில் நிற்கும். சரி, போகட்டும் என்று பார்த்தால் இரண்டாவதும் அதே மீசை. மூன்றாவது மெதுவாக உருண்டு அதே மீசையில் வந்து நிற்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். ரிங்குக்குப் பதிலாக முள் பந்துகள் வரிசை கட்டி சோனிக் மேல் வந்து விழும், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ரிங் போகும். நூறு ரிங். உயிர் போகாது, மடியில் இருந்ததெல்லாம் போய்விடும்.

இதே நேரத்தில் திரையின் இடது மேல்மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் ஆனால் உயிர் காலி. நிஜக் கேசினோவில் கடிகாரம் மாட்ட மாட்டார்கள், ஜன்னல் வைக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நேரம் தெரியாமல் நீங்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டும், அதுதான் அவர்கள் பிழைப்பு. சோனிக்கை உருவாக்கியவர்களுக்கு நீங்கள் உட்கார்ந்துவிடக் கூடாது, ஓட வேண்டும். மெஷினையும் வைத்துவிட்டு, தலைக்கு மேல் கடிகாரத்தையும் மாட்டிவிட்டார்கள்.

மற்ற பாதி பதில் இங்கே இருக்கிறது. நிஜக் கேசினோவில் ஆடுகிறவன் மாறிக்கொண்டே இருப்பான், கல்லாவில் இருப்பவன் மாறமாட்டான். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுவது ரூலட். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்குதான் தருவார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் நூறு டாலருக்கு ஐந்து டாலர் சொச்சம் மெல்ல கல்லாவுக்கு வந்துகொண்டே இருக்கும். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழி, அங்கே 2.70 டாலர். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கணக்கே போதும். ஆனால் கேமுக்குள் ஒரு கேசினோ கட்டினால் கல்லாவில் உட்காருவது டிசைனர். அவருடைய பிழைப்போ நேர்மாறானது. ஆடுகிறவர் கடைசியில் ஜெயித்தே ஆக வேண்டும், ஆனால் சும்மா ஜெயித்தது மாதிரி இருக்கவும் கூடாது. இந்தச் சிக்கல்தான் டிசைனர்களை இழுக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல கேசினோ லெவலையும் வெறும் லைட் செட்டிங்கையும் பிரிப்பதும் இதுதான்.

கட்டடம் கட்டுவதிலும் இந்த முரண் தெரியும். லாஸ் வேகஸில் இரண்டு கட்சி. கேசினோ வடிவமைப்பு பற்றி எழுதிய பில் ஃப்ரீட்மேன் வழியில் போனவர்கள் தாழ்வான கூரை, வளைந்து நெளியும் பாதை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மெஷின் என்று புதிர்ப்பாதை மாதிரி கட்டினார்கள். உள்அலங்கார வடிவமைப்பாளர் ரோஜர் தாமஸ், 1998-ல் திறக்கப்பட்ட பெலாஜியோ கேசினோவில் கூரையை உயர்த்தி, வெளிச்சத்தை விட்டு, பூ அலங்காரம் செய்து, வந்தவனை ராஜா மாதிரி உணரவைத்தார். ராஜாவாக உணர்கிறவன் தாராளமாகச் செலவழிப்பான் என்பது அவர் கணக்கு. கேம் டிசைனருக்கு முதல் கட்சி சுத்தமாக ஆகாது. ஆடுகிறவர் வழி தெரியாமல் அலைந்தால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். அதனால் கேம்களில் வரும் கேசினோக்கள் வெளியே ஃப்ரீட்மேன் மாதிரி நெருக்கமாகத் தோன்றினாலும் உள்ளே போனால் வாசல் எங்கே என்பது பளிச்சென்று தெரியும். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.

இந்தத் தொழிலின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். செகா என்ற பெயரே ‘சர்வீஸ் கேம்ஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து வந்தது. 1940-ல் ஹோனலுலுவில் ஸ்டாண்டர்ட் கேம்ஸ் என்ற பெயரில் அமெரிக்கப் படைத்தளங்களுக்குக் காசு போட்டு ஆடும் மெஷின்களை சப்ளை செய்தவர்கள் தொடங்கிய வியாபாரம். 1951-ல் அமெரிக்கா தன் பிரதேசங்களில் ஸ்லாட் மெஷினுக்குத் தடை போட்டதும், ஜப்பானில் இருந்த அமெரிக்கத் தளங்களைத் தேடிப் போனார்கள். நின்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் ஹனஃபுதா சீட்டு செய்து விற்ற கடை. அந்தச் சீட்டுக்குப் பெரிய வாடிக்கை சூதாடிகள். ஆக சோனிக்கும் மரியோவும் கேசினோவுக்குள் போவது ஒரு வகையில் தாத்தா வீட்டுக்குப் போவது மாதிரி. (மரியோ போன கேசினோ 2002-ல் வந்த ‘சூப்பர் மரியோ சன்ஷைன்’ கேமில் இருக்கிறது. ரூலட் மேஜைக்கு அடியில் பேய்களின் ராஜா உட்கார்ந்திருப்பான், அவனுக்குக் காரமான மிளகாயை ஊட்டிவிட்டுப் பழத்தால் அடிக்க வேண்டும். வேடிக்கை, அவ்வளவுதான்.)

ஜப்பானிய கேம்களில் கேசினோ வேறு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் பச்சின்கோ என்ற எஃகு குண்டு மெஷின் ஆட்டம். அந்த நாட்டில் பொதுவாகக் காசு வைத்துச் சூதாடுவது குற்றம். ஆனால் தெருவுக்குத் தெரு பச்சின்கோ கடை உண்டு. எப்படி? ஜெயித்தால் கடையில் காசு தர மாட்டார்கள், சின்னச் சின்ன எஃகு குண்டுகள்தான். குண்டுகளைக் கொடுத்தால் ஒரு பரிசுப் பொருள். அந்தப் பொருளைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு சின்ன ஜன்னலில் கொடுத்தால் அவர்கள் காசு தருவார்கள். அவர்கள் அதை மொத்த வியாபாரிக்கு விற்க, அவர் திரும்பவும் பச்சின்கோ கடைக்கே விற்பார். சட்டத்தின் கண்ணுக்கு மூன்று தனித்தனிக் கடைகள்.

இப்போது 1996-ல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். செலடன் நகரத்தில் கேம் கார்னர் என்று ஒரு ஸ்லாட் மெஷின் கடை. உள்ளே ஆடி காயின் சேர்க்கலாம், ஆனால் காயினைத் திரும்பப் பணமாக்க முடியாது. பரிசு வாங்க வேண்டுமென்றால் வெளியே வந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும். இது ஏன் தனிக் கட்டடம் என்று அந்த நாளில் குழம்பியிருப்பீர்கள். பச்சின்கோ தெரிந்த ஜப்பானியக் குழந்தைக்கு அதில் குழப்பமே இருந்திருக்காது, அப்பாவோடு ஸ்டேஷன் பக்கம் போகும்போது பார்த்த அதே ஜன்னல்தான்.

அங்கே கல்லாவில் யார்? சுவரில் ஒட்டிய போஸ்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். அழுத்தினால் படிக்கட்டு திறக்கும், கீழே வில்லன் கூட்டமான டீம் ராக்கெட்டின் ரகசிய இடம். கடையே அவர்களுடையது. பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் கேமில் சூதாட்டக் கடையின் முதலாளி ஒரு ரவுடிக் கும்பல் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார்கள். விலையையும் பாருங்கள். ரெட் பதிப்பில் போரிகான் என்ற போக்கிமானுக்கு 9,999 காயின். காயின் பெட்டி கொள்ளக்கூடிய மொத்தமே 9,999-தான். 1,000 பணத்துக்கு 50 காயின், அதற்கு மேல் ஒரே தடவையில் வாங்க முடியாது. மெஷினை நம்பாமல் காசு கொடுத்தே வாங்குவது என்று முடிவு செய்தால், கவுன்ட்டரில் நின்று அதே பட்டனை இருநூறு தடவை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கிறேன். கட்டை விரலுக்குத்தான் தெரியும் அந்தச் சுகம்.

கல்லாவே ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. 1990-ல் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்த ‘டிராகன் குவெஸ்ட் 4’. ஐந்தாம் அத்தியாயத்தில் கேசினோ காயின் ஒன்று 20 தங்கம். கவுன்ட்டரில் “எத்தனை வேண்டும்?” என்று கேட்கும்போது 8,38,861 என்று போட்டால், விலை வெறும் 4 தங்கம் என்பார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 8,38,861-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,67,77,220. அந்தக் கேம் விலையை 24 பிட்டுக்குள் வைத்திருந்தது, அது கொள்ளும் எண்களின் எண்ணிக்கை 1,67,77,216. பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண் 99999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதேபோல எண் ஒரு முழுச் சுற்று சுற்றி மீதி 4-ல் வந்து நின்றது. எட்டு லட்சத்துச் சொச்சம் காயினை நாலு தங்கத்துக்கு வாங்கி, பரிசுக் கவுன்ட்டரில் இருக்கும் அரிய கவசங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜப்பானில் அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு இந்த ஆறு இலக்கம் மனப்பாடம்.

இனி இரண்டாவது கேள்வி, ஏன் குறைந்துவிட்டது?

போக்கிமானை வைத்தே சொல்லிவிடலாம், ஒரு கடை மூடப்பட்ட வரலாறு மாதிரி இருக்கும். 2002 ரூபி, சஃபையரிலும் 2006 டைமண்ட், பேர்லிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ‘பிளாட்டினம்’ கேமின் ஐரோப்பியப் பதிப்பில் கடை இருக்கும், மெஷின்கள் இருக்கும், ஆனால் ஆட முடியாது. 2009-ல் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் வந்தபோது ஜப்பானில் ஸ்லாட் மெஷின், மற்ற நாடுகளில் அதே இடத்தில் வோல்டார்ப் ஃபிளிப் என்ற ஐந்துக்கு ஐந்து கட்டப் புதிர். காசுக்குக் காயின் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். ரூபி, சஃபையரின் 2014 மறுபதிப்பில் மாவ்வில் நகரத்துக் கேம் கார்னர் பூட்டிக் கிடந்தது. 2021-ல் டைமண்டை மறுபடி செய்தபோது வெயில்ஸ்டோன் நகரத்தில் அந்தக் கட்டடம் துணிக்கடையாகிவிட்டது. நம் ஊரில் சினிமா தியேட்டர் கல்யாண மண்டபமாவது மாதிரி.

பின்னால் இருந்து தள்ளியது வயதுச் சான்றிதழ். சூதாட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் கேம்களை ஐரோப்பாவின் பெகி அமைப்பு மேல் வயதுக்குத் தள்ளிக்கொண்டே வந்து, 2020 முதல் புதிதாக வருபவற்றுக்கு நேராக 18 என்று ஆக்கியது. குழந்தைகளுக்கு விற்கும் கேமில் அந்த முத்திரை விழுந்தால் வியாபாரமே போச்சு. ஒரு மெஷினுக்காக யார் அந்த ரிஸ்க் எடுப்பார்கள்?

எனக்கு இதில் கோபம் வருவது வேறு இடத்தில். காயினை நிஜக் காசாக மாற்றவே முடியாத கேம் கார்னர் போய்விட்டது. நிஜக் காசு கொடுத்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் பெட்டி திறக்கும் லூட் பாக்ஸ் அதே வருடங்களில் மெனுவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 2018-ல் பெல்ஜியம் அதைச் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தது. ஐரோப்பாவின் மற்ற பல நாடுகளில், காசு கொடுத்து வீரர்களின் படச் சீட்டுக் கட்டுகளை உடைக்கும் கால்பந்து கேமுக்கு அப்போது 3 வயதுச் சான்றிதழ்தான் இருந்தது. 2024-ல் வந்த ‘பலாட்ரோ’ போக்கர் சீட்டுச் சேர்க்கைகளை வைத்து ஆடும் ஒரு சீட்டுப் புதிர். அதில் பந்தயம் என்பதே கிடையாது, கேமுக்குள் நிஜக் காசு கொடுத்து வாங்க எதுவும் இல்லை. அதற்கு 18 என்று முத்திரை குத்தினார்கள். செய்தவர் பகிரங்கமாகக் கிண்டல் அடித்தார், மேல்முறையீடு போனது, 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தார்கள். சீட்டின் படத்தைப் பார்த்தார்களே தவிர கல்லா எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

கல்லா எங்கே என்று தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம் வரிசையின் இரண்டு கேசினோக்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2004-ன் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ நம்மில் பலர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியது. அதில் வரும் லாஸ் வென்சுராஸ் நகரம் லாஸ் வேகஸுக்கு வைத்த இன்னொரு பெயர். கலிகுலாஸ் பேலஸில் உட்கார்ந்து ஆடலாம், ஆடித் தோற்கலாம், பிறகு ஒரு நாள் அதே கேசினோவைக் கொள்ளையடிக்கலாம். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய சிடி, அதற்கு மேல் யாருக்கும் ஒரு பைசா போகாது. ‘ஜிடிஏ ஆன்லைனில்’ வைன்வுட் பக்கம் 2013 முதல் ‘விரைவில் திறக்கப்படும்’ என்று போர்டு தொங்கவிட்டு வருடக்கணக்கில் மூடிக் கிடந்த ஒரு கட்டடம், 2019 ஜூலை 23 அன்று டைமண்ட் கேசினோவாகத் திறந்தது. வாசலில் ஒரு சக்கரம், தினம் ஒரு தடவை இலவசமாகச் சுற்றலாம், அதிர்ஷ்டம் இருந்தால் மேடையில் நிற்கும் கார். தூண்டிலில் அழகான புழு. ஏனென்றால் அந்த உலகத்துப் பணத்தை நிஜக் காசு கொடுத்தும் வாங்கலாம், அந்தப் பணத்தைச் சிப்பாக மாற்றலாம். சிப்பைத் திரும்ப நிஜக் காசாக்க மட்டும் முடியாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்ட மேஜைகளைப் பூட்டிவைக்க வேண்டி வந்தது. அங்கே கல்லாவில் இருந்தது டிசைனர் இல்லை, நிஜமான கல்லாவேதான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உருப்படியான கேசினோ எது?

‘கப்ஹெட்’ பலர் சொல்வார்கள். 2017-ல் வந்தது. சாத்தானின் கேசினோவில் உயிரையே பணயம் வைத்துத் தோற்ற இரண்டு கோப்பைகள், மற்ற கடன்காரர்களிடம் வசூல் செய்யக் கிளம்பும் கதை. கிங் டைஸ் சண்டையில் பகடையைச் சரியான நொடியில் தட்டி நிறுத்தி நகர வேண்டும், விழுகிற கட்டத்தில் ஒரு எதிரி: சுருட்டு, டோமினோ, மதுக் கோப்பைகள், பாவாடையே சுழலும் ரூலட் சக்கரமாக ஆன நடனக்காரி. கண்ணுக்கு விருந்து. ஆனால் அங்கே பகடை உங்கள் கைத்திறன், சூது அல்ல.

‘பெர்சோனா 5’ இதை விட ஆழமாகப் போகிறது. 2016 செப்டம்பரில் ஜப்பானில் வந்தது. அதில் நீஜிமா சாயே என்று ஒரு அரசு வழக்கறிஞர். அவர் மனசுக்குள் நீதிமன்றம் ஒரு கேசினோவாக இருக்கிறது. ஜப்பானில் குற்ற வழக்கு நீதிமன்றம் போனால் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனையில்தான் முடியும். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது முன்னாடியே தெரிந்த ஆட்டத்துக்கு இதை விடப் பொருத்தமான படம் கிடைக்காது. பகடை மேஜையில் அமர்ந்தால் அது ஏமாற்று, ஸ்லாட் மெஷின் ஏமாற்று, எல்லாமே சகுனி வேலை. அதனால் நீங்களும் ஏமாற்றியே ஆக வேண்டும், ஹேக் செய்து மெஷினைத் திருப்ப வேண்டும். கடைசியில் சாயேவே ஒரு பெரிய ரூலட் சக்கரத்தின் மேல் சண்டைக்கு நிற்கிறார். பந்து உங்கள் எண்ணில் விழப்போகும் நேரத்தில் துள்ளி வேறு எங்கோ போகும். இரண்டு தடவை நடந்த பிறகுதான் உறைக்கும், உங்கள் குழியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடி மூடி. கூட்டாளி ஒருவரைத் தொலைவில் நிறுத்திச் சுடச் சொல்லி அதை உடைக்க வேண்டும். கண்ணாடி உடையும் அந்தச் சத்தம் இருக்கிறதே! விதி தெரிந்தவர் கையில் சட்டம் எப்படிச் சுழலும் என்று அதுவரை வந்த வசனங்களை விட அந்த மூடி நன்றாகச் சொல்லும். தற்செயலாக, ஜப்பான் நாடாளுமன்றம் கேசினோக்களுக்குக் கதவு திறக்கும் முதல் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே வருடம் டிசம்பரில்தான்.

ஆனாலும் என் ஓட்டு ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமுக்கு. 2010-ல் அப்சிடியன் செய்தது. அணுகுண்டுப் போருக்குப் பிறகான நெவாடா பாலைவனம், நடுவில் இன்னும் விளக்கெரியும் ஒரு தெரு.

கேசினோவைக் கேமுக்குள் வைத்தால் முதல் தலைவலி சேவ் பட்டன். நிஜத்தில் தோற்ற காசு திரும்பாது. கேமில் ஆடுவதற்கு முன் சேவ் செய்து, தோற்றால் லோட் செய்துவிடுவோம், பயம் போய்விடும், பயம் போனால் சூதும் போய்விடும். நியூ வேகஸ் இதற்கு மூன்று பூட்டு போட்டது. சேவ் செய்ததை லோட் செய்துவிட்டு வந்தால் மேஜையில் உடனே உட்கார முடியாது, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் கதாபாத்திரத்தின் ஏழு குணங்களில் ஒன்று லக். அது ஒன்பது பத்து என்று இருந்தால் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் சீட்டு உங்கள் பக்கமாகவே விழும், அதில் ஜெயிக்க வேண்டிய இருபத்தொன்று வந்துகொண்டே இருக்கும். கேமின் தொடக்கத்தில் பலத்தையும் அறிவையும் குறைத்து அதிர்ஷ்டத்தில் போட்டவருக்குச் சம்பளம் அது.

மூன்றாவதுதான் அழகு. நான் லக் 9-ஓடு டாப்ஸ் கேசினோவில் உட்கார்ந்தேன். வாசலிலேயே ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். கொஞ்சம் ஜெயித்ததும் மேலாளர் வந்து, கேசினோ சார்பாக என்று குடிக்க ஏதோ தந்தார். இன்னும் ஜெயித்ததும் சாப்பாடு. பிறகு தங்குவதற்குப் பெரிய அறை. ஒவ்வொரு தடவையும் சிரித்த முகம், கனிந்த பேச்சு. ஜெயித்தது 10,000 சிப் ஆனதும் அதே மனிதர் அதே குரலில், நீங்கள் எங்கள் விருந்தாளி, ஆனால் இனி இங்கே ஆட முடியாது என்றார். கமோராவில் 9,000, அல்ட்ரா-லக்ஸில் 15,000, அடாமிக் ராங்லரில் 5,000, பிரிம் ஊரில் இருக்கும் சின்னக் கடையில் 2,500. ஐந்தும் சேர்த்து 41,500, அதோடு அந்தப் பாலைவனத்தில் உங்களை மேஜையில் சேர்க்க ஆள் இல்லை. நிஜத்திலும் இப்படித்தான். நெவாடாவில் சீட்டை எண்ணி ஆடுகிறவரை மரியாதையாக வெளியே அனுப்பக் கேசினோவுக்கு உரிமை உண்டு. அட்லாண்டிக் சிட்டியில் 1982-ல் நீதிமன்றம் அப்படி அனுப்பக் கூடாது என்றது.

ஆங்கிலத்தில் கேசினோ நிர்வாகத்தை ‘ஹவுஸ்’ என்பார்கள். நியூ வேகஸை ஆளும் கிழவரின் பெயரே மிஸ்டர் ஹவுஸ். போர் வரப்போகிறது என்பதைச் சூதாட்டக்காரரின் நிதானத்தோடு கணக்கிட்டவர். வேகஸை நோக்கி வந்த 77 அணுகுண்டுகளில் 59-ஐ வானத்திலேயே செயலிழக்க வைத்தார், 9-ஐ லேசரால் சுட்டார், மீதி 9 பாலைவனத்தில் விழுந்தன. எல்லாவற்றையும் தடுத்திருக்கலாம், அதற்கு வேண்டிய மென்பொருள் பிளாட்டினத்தால் ஆன ஒரு கேசினோ சிப்புக்குள் இருந்தது. அது கைக்கு வர வேண்டிய நாளில் குண்டு விழுந்துவிட்டது. இருநூறு வருடம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வரும் கூரியர்காரர்தான் நீங்கள். தொடக்கக் காட்சியிலேயே ஒருவன், ஆட்டம் முதலிலிருந்தே செட்டப் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்கள் தலையில் சுடுவான். உயிர் பிழைத்து வந்து, வேகஸின் கல்லாவில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்வதுதான் மொத்தக் கேமும்.

அதற்கு 2010 டிசம்பரில் ‘டெட் மணி’ என்று ஒரு கூடுதல் கதை வந்தது. சியரா மாத்ரே என்ற கேசினோ. திறப்பு விழா நாளன்று குண்டு விழுந்ததால் ஒரு நாள்கூட நடக்காத கேசினோ. சுற்றிலும் நச்சுப் புகை, உங்கள் கழுத்தில் வெடிக்கும் பட்டை. கடைசியில் நிலவறைப் பெட்டகத்தில் 37 தங்கக் கட்டிகள். ஒரு கட்டி 35 பவுண்டு கனம், விலை 10,539. எல்லாம் சேர்த்தால் 1,295 பவுண்டு, உங்களால் தூக்கிக்கொண்டு நடக்கவே முடியாது. பெட்டகம் மூடுவதற்குள் வெளியே வர வேண்டும். துப்பாக்கிகளைக் கீழே போட்டு, மருந்துகளைக் கொட்டி, எத்தனை கட்டி தேறும் என்று அங்கே நின்று கூட்டிக் கழிக்காத ஆட்டக்காரர் இருக்க முடியாது. எல்லாக் கட்டிகளையும் வெளியே கொண்டுவரும் வழியைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள், தேடினால் வீடியோ கிடைக்கும். நான் முதல் தடவை ஏழு கட்டியோடு நகர முடியாமல் நின்று, கதவு என் கண்ணெதிரே மூடியது. இரண்டாவது தடவை இரண்டு கட்டி எடுத்தேன். கதவைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தேன், மீதி முப்பத்தைந்தும் மேஜை மேல் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன.